நீலமும் மஞ்சளும் ஒரே தொட்டியில்

மனைவி சஹானா இறந்த பிறகு பரணிதரனால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. அன்று காலையும் செங்கல்பட்டு வீட்டில் கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை புனேவுக்கு ரயில். அங்கே புது வேலை. அவளுடைய பொருள்களில் இன்னும் யாருக்கும் கொடுக்காதது விஷ அம்புத் தவளைகளைத்தான். காட்டில் எறும்பும் பூச்சியும் தின்றால்தான் அவற்றுக்கு விஷம். இங்கே தீனி இறக்கையில்லாத பழ ஈயும் கால்சியம் பொடியும்தான். அதனால் இவை எதையும் கொல்லா.

வெயில் ஏறுமுன் சஹானாவின் சிநேகிதி ஜெஸ்ஸி மாமல்லபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். அவளும் இந்தத் தவளைகளை வளர்ப்பவள். தெர்மாகோல் பெட்டியோடு உள்ளே வந்தவள் தொட்டியைப் பார்த்து நின்றாள்.

"இன்னா பரணி இது? நீலமும் மஞ்சளும் ஒண்ணா கீது?"

"ஏசி ஒரு ரூம்லதான். இன்னொரு ரூம்ல இருந்த தொட்டி கொதிச்சுது, அதான் ஒண்ணாப் போட்டேன். ரெண்டும் ஒரே இனந்தானே, கலர்தானே வேற?"

"ஒரே இனம், அதாம்ப்பா பேஜாரே!"

தொட்டிக்குள் கிடந்த கொட்டாங்கச்சியைத் தூக்கினாள். அடியில் நீல ஆண். அதன் முதுகில் இரண்டு கறுத்த தலைப்பிரட்டைகள் ஒட்டியிருந்தன. இந்த இனத்தில் ஆண்தான் குஞ்சுகளைச் சுமந்துபோய்த் தண்ணீரில் விடும்.

வளர்ப்பவர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொரு நிறமும் காட்டில் ஒவ்வொரு இடத்தது, கலக்கவிடக் கூடாது. கலப்புக் குஞ்சுகளை எவரும் ஏற்பதில்லை.

"சஹானா இருந்தா உன்ன வெளுத்து வாங்கிருப்பா."

"தெரியும்."

"பெருசுங்கள எடுத்துக்கறேன். இதுங்க ரெண்டையும் ஃப்ரீசர்ல வச்சுடு. எல்லாரும் அப்டித்தான் செய்வோம்."

ஃப்ரீசரைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். அவளுடைய புடவைகளை, கைப்பையை, மூக்குக்கண்ணாடியைக்கூடக் கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்தவன். ஒன்றும் உறைத்ததில்லை. இப்போது கை வரவில்லை.

"நீலத்த விட்டுட்டுப் போ. மஞ்சள எடுத்துக்க."

"இதுங்க தவளையாவ ரெண்டு மூணு மாசம் ஆவும். புனே?"

ஜன்னல்வரை போய்த் திரும்பினான். "போகல."

சொன்ன பிறகுதான் அது முடிவென்று அவனுக்கே தெரிந்தது.

"இன்னா கலர்ல வரும்னே தெரியாது. எவனும் வாங்க மாட்டான்."

"யாருக்கும் குடுக்கப்போறதில்ல."

"பைத்தியம் புடிச்சிக்கிச்சு உனக்கு!"

மஞ்சள் தவளைகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று படியிறங்கினாள். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. உடனே நின்றது.

"யோவ்! ரெண்டையும் ஒரே தண்ணில உட்றாத! ஒண்ண ஒண்ணு தின்னுடும்!"

பால்கனியிலிருந்து குனிந்தான். "எவ்ளோ ஆழம்?"

"ரெண்டு விரக்கட! பைப்புத் தண்ணி ஊத்தித் தொலைக்காத, குளோரின் கீது!"

அவள் தெரு திரும்பும்வரைகூட அவன் நிற்கவில்லை. தண்ணீர் கேனுக்குக் கடை திறந்திருக்குமா என்று யோசித்தபடியே செருப்பை மாட்டினான்.