இத்தா இருக்காங்க

வேன் ஆத்தூர்ப் பாலம் தாண்டியதும், ஓட்டிக்கொண்டிருந்த செந்தூர்வேல் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வழக்கமாகச் சொல்வதைச் சொல்லத் தொடங்கினான். காயல்பட்டினத்தில் பெண்களைப் படம் எடுக்கக் கூடாது. வீடுகளுக்குப் பின்னால் போகும் முடுக்குச் சந்துகள் பெண்கள் நடமாட. ஆண்கள் நுழையக் கூடாது. வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். எம்.ஏ. வரலாறு படித்தவன், பஸ் நடத்துநர் நிறுத்தங்களைச் சொல்வதுபோல ஒப்பித்தான். மனைவி இசக்கிச்செல்வி இறந்த பிறகு அவன் குரல் அப்படி ஆகிவிட்டது.

"ஏலே, பாஸ்போர்ட் எடுத்துட்டு வரணும்னு சொல்லவேயில்லையே," என்றார் முத்துமணி. உடன்குடிக்காரர், சென்னையில் மளிகைக் கடை. யாரும் சிரிக்கவில்லை என்று அதையே இன்னொரு முறை சொன்னார்.

அவருடைய மனைவி இந்துமதி அந்த ஊர்ப் பலகாரமான தம்மடை வாங்க ஆசைப்பட்டாள். வீட்டிலேயே தம்மடை சுட்டு விற்கும் ஒரு வீடு செந்தூர்வேலுக்குத் தெரியும். வாசலில் நின்று குரல் கொடுத்தான். முகம் தெரியாமல் திரைக்குப் பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள்.

"இன்னைக்குத் தம்மடை இல்லண்ணே. உம்மா இத்தா இருக்காங்க."

செந்தூர்வேல் உடனே பின்வாங்கினான். கணவன் இறந்தால் நான்கு மாதத்துக்கு மேல் மனைவி வெளியே வராமல், அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருப்பது இத்தா. அதை இவர்களுக்குச் சொல்லத் திரும்புவதற்குள் முத்துமணி செருப்பைக் கழற்றிவிட்டார். அவர் காதில் அது 'இந்தா இருக்காங்க' என்று விழுந்திருந்தது. ஒரு கையில் படம் எடுக்கத் தூக்கிய போன், மறு கையால் திரையை விலக்கி, "அம்மா, ஒரு கிலோ போடுங்க," என்றபடி உள்ளே போனார்.

கட்டிலில் வெள்ளைப் புடவையில் இருந்த பெண் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். உள்ளே யாரோ அழுதார்கள். செந்தூர்வேல் முத்துமணியின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான். வியர்வையில் நனைந்த சட்டை கையில் ஒட்டியது. கையை வேட்டியில் துடைத்தான், பிசுக்கு போகவில்லை.

"முகமே சரியா விழலடே. வெளிச்சம் நல்லா வந்திருக்கு, பாரு," என்று முத்துமணி போனை நீட்டினார்.

அவன் பார்க்கவில்லை. துறைமுகச் சாலையில் லாரி அடித்துக் கிடந்த இசக்கிச்செல்வியையும் இப்படித்தான் எவனோ எடுத்தான். அவள் போன செய்தியே அவனுக்கு அந்த வீடியோவாகத்தான் வந்தது. சித்தப்பா மகன், 'அண்ணே, இது மதினி மாதிரி இருக்கு' என்று எழுதி அனுப்பியிருந்தான். விலகியிருந்த சேலையை இழுத்துவிட அங்கே நின்ற ஒருவனுக்கும் கை வரவில்லை.

"அழிங்க."

"உங்க முதலாளிகிட்ட பேசுதேன்."

"பேசுங்க. அழிச்சாத்தான் வண்டி கிளம்பும்."

முத்துமணி முனகிக்கொண்டே அழித்தார். அழித்த படம் போனின் குப்பைத்தொட்டியிலும் கிடக்கும், அதையும் அழிக்க வேண்டும் என்றான் செந்தூர்வேல். அதையும் செய்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் கேட்டாள். "அழிச்சாச்சாண்ணே?"

"அழிச்சாச்சும்மா."

வேன் கிளம்பியது. முத்துமணி முதலாளிக்குப் போன் போட்டுப் புகார் சொன்னார். நாளையிலிருந்து வேறு டிரைவர் வருவான் என்று முதலாளி சொன்னதை உரக்கத் திருப்பிச் சொன்னார். செந்தூர்வேல் கியர் மாற்றினான். இந்துமதியின் போன் சிணுங்கியது. அவள் எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் படத்தைக் குடும்ப குரூப்புல போட்டுட்டீங்களா? உங்க தம்பி சிரிக்கிற பொம்மை போட்டிருக்காரு."

"எடுத்ததும் போட்டேன். அதுக்கென்ன இப்ப?"

செந்தூர்வேல் வேனை வேலிக்காத்தான் புதர் ஓரம் நிறுத்தினான். எல்லாருக்கும் அழிவதுபோல அழிக்கச் சொல்லி இந்துமதியிடம் சொன்னான். அவள் கணவன் கையிலிருந்து போனைப் பிடுங்கி அழித்தாள். குரூப்பில் அறுபது பேர் என்றாள். எத்தனை பேர் எடுத்து வைத்துக்கொண்டார்களோ, தெரியாது.

அவன் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

"ஏலே, வெயில்ல விட்டுட்டு எங்க போற?"

"பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்," என்றான்.

இசக்கிச்செல்வியைப் பற்றி அவனிடம் யாரும் நேரில் வந்து சொல்லவில்லை. அந்த வீட்டுக்காவது ஒருவன் போய்ச் சொல்ல வேண்டும். வந்த வழியே நடந்தான். வாசலுக்குத் தள்ளியே நின்று குரல் கொடுத்தான்.