சின்ன எழுத்தில் தேடியவள்

மேலாளருக்கு அலுவலகத்தில் ஆமாஞ்சாமி என்று பெயர். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிவிட்டு வருவார். மருத்துவமனைக் குறிப்புகளைத் தேடும் மென்பொருளையும் அப்படித்தான் ஒப்புக்கொண்டு வந்து, தன்கீழ் புரோகிராம் எழுதும் அவள் தலையில் கட்டினார். அவளுடைய அக்கா அந்த மருத்துவமனையில்தான் நர்ஸ். அதனால் பார்த்துப் பார்த்துச் செய்தாள்.

தேடலை இரண்டு விதமாக அமைத்தாள். ஆய்வகத்துக்காரர்கள் சுருக்கப் பெயர்களைத் தேடுவார்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில், அதாவது கேப்பிட்டலில், அடித்தால் பெரிய எழுத்தில் உள்ளது மட்டும் வர வேண்டும். வார்டு நர்ஸுகளுக்கோ எப்படி அடித்தாலும் எல்லாம் வர வேண்டும். மாற்றிக்கொள்ள ஒரு பொத்தான் வைத்தாள்.

இரண்டையும் தாங்காமல் சர்வர் திணறியது. வார்டுக்கான தேடலைப் பொத்தானோடு தூக்கச் சொன்னார் ஆமாஞ்சாமி. அவள் மல்லுக்கட்டிப் பார்த்தாள்.

"படிச்சவங்கதானேம்மா அடிக்கப் போறாங்க. சரியா அடிப்பாங்க" என்றார். வேறு வழியில்லாமல் தூக்கினாள்.

அக்கா ஒருவருக்கு ஊசி போடும் முன் அவருடைய குறிப்பில் பென்சிலின் என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் தேடினாள். அது இவருக்கு ஆகாது என்று டாக்டர் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். எதுவும் இல்லை என்றது திரை. ஊசி உள்ளே போனதும் அந்த மனிதருக்கு முகம் வீங்கி மூச்சு முட்டியது. அவர் பிழைத்தது மறுபிறவி.

விசாரணையில் ஆமாஞ்சாமி, மென்பொருளில் குறையே இல்லை, நர்ஸ் தேடியே இருக்க மாட்டார் என்று கூசாமல் சொன்னார். சொந்த அக்காவுக்காகப் பேசுவாள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்து, அவளை அந்த அறைப் பக்கமே விடவில்லை. அக்காவுக்கு வேலை போயிற்று. அதன்பின் தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே அக்கா எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவாள்.

அவள் இரண்டு தேடலும் சர்வரை அழுத்தாதபடி புதிதாக எழுதி ஆமாஞ்சாமியிடம் காட்டினாள். "இப்ப மாத்தினா, முன்னாடி தப்பா இருந்துச்சுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா" என்றார். சரி சார் என்று வந்துவிட்டாள். இரண்டாம் முறை கேட்கவில்லை. கறுவிக்கொண்டு காத்திருந்தாள்.

மருத்துவமனையின் மற்றக் கிளைகளுக்கும் அந்த மென்பொருளையே வாங்குவதாகப் பேச்சு வந்தது. தலைமை டாக்டர் முதல் பெரிய மனிதர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். ஆமாஞ்சாமி தானே பெரிய எழுத்தில் தேடித் தேடிக் காட்டினார். எல்லாம் சொன்னபடி கேட்டது. மூலையில் லேப்டாப்போடு இருந்த அவள், "டாக்டர் ஒரு தடவ அடிச்சுப் பாக்கட்டுமே சார்" என்றாள்.

டாக்டர் பென்சிலினைச் சின்ன எழுத்தில் அடித்தார். எதுவும் வரவில்லை.

"அதையே கேப்பிட்டல்ல அடிங்க டாக்டர்."

திரை நிறைந்துவிட்டது. ஆமாஞ்சாமி வியர்த்துப்போய் அவள் பக்கத்தில் வந்து குனிந்தார். "அந்தப் புதுசு இருக்குல்லம்மா, போட்டு விடும்மா" என்று கெஞ்சினார்.

ஒரு தட்டு தட்டினால் போதும். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நர்ஸ் தேடினாங்க, தப்பு நம்மளுதுன்னு சொல்லுங்க சார். இவங்க எல்லார் முன்னாடியும். சொன்னா போடறேன்."

அவர் முணுமுணுத்தார்.

"கேக்கல சார்."

மறுபடி உரக்கச் சொன்னார். அந்தக் குரல் உடைந்தது அவளுக்கு வெல்லமாய் இனித்தது. அதற்குப் பிறகுதான் தட்டினாள்.

ஆமாஞ்சாமியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். வேறொரு கம்பெனியிலிருந்து அவரைப் பற்றி அவளிடம் விசாரித்தபோது, ஒன்று விடாமல் சொல்லி அங்கேயும் கதவைச் சாத்தினாள். மருத்துவமனை மன்னிப்புக் கேட்டு அக்காவைத் திரும்பக் கூப்பிட்டது.

வேலைக்குப் போவதற்கு முந்தின மாலை, அக்கா சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் புதுசை எப்ப எழுதினே?"

"உனக்கு வேலை போன மறு மாசமே."

"அப்ப இத்தனை நாளும் மத்த நர்ஸுங்க பழசுலதானேடி தேடிக்கிட்டு இருந்தாங்க?"

அவர்தான் போட விடவில்லை என்று அவள் சொன்னாள். அக்கா சட்டைக் கையைத் திருப்பிப் போட்டாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.