வெள்ளிக்கிழமைப் பத்து வீதம்

அன்றைக்கு மாலை ஆறு மணிக்குள் புஷ்பராஜுக்கு எண்பத்திரண்டாயிரம் ரூபாய் வேண்டும். இல்லாவிட்டால் கார் போய்விடும். விஷயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் அவனாக மூளையைப் போட்டுக் கிளறிக்கொண்டது.

கார் என்றால் பெரிய கார் இல்லை. நாலு பேர் ஏறினால் பாலத்து ஏற்றத்தில் இருமுகிற வெள்ளை ஆல்ட்டோ. புறக்கோட்டையில் பன்னிரண்டு வருஷம் மூட்டை தூக்கி, அந்த முதுகு கொடுத்த காசை முற்பணமாகப் போட்டு, ஆள் ஏற்றி ஹயர் ஓட்ட லீசிங்கில் எடுத்தது. கொட்டாஞ்சேனை வீட்டு வாடகை, இரண்டு பிள்ளைகளின் படிப்பு, சோறு எல்லாம் அந்த நாலு டயரின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது மூன்று மாதத் தவணை நிற்கிறது. ஒரு மாதத்தைக் கியர்பெட்டி தின்றது. அடுத்ததைச் சின்னவளின் டெங்குக் காய்ச்சல். மூன்றாவதை எது தின்றது என்று அவனுக்கே தெரியாது.

லீசிங் கொம்பனியில் நதீஷா என்று ஒரு பெண். முதல் மாதம் போனில் கோல் எடுத்து ‘சேர்’ என்றாள். இரண்டாம் மாதம் ‘அய்யே’ என்று அண்ணனாக்கினாள். மூன்றாம் மாதம் எந்த முறையும் வைக்காமல் சிங்களத்தில் சொன்னாள்: வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் இரண்டு தவணைக் காசு எண்பத்திரண்டாயிரமாவது விழ வேண்டும், இல்லையென்றால் வண்டி தூக்க ஆள் வரும்.

“காட்டுல கட்டலாமா மிஸ்?”

“லீசிங்குக்குக் காட் எடுக்கிறதில்லை. காசு.”

காட் என்று அவன் சொன்னது நாலு மாதத்துக்கு முந்திய கதை. கொள்ளுப்பிட்டிக்கு ஹயர் வந்த ஒரு வங்கிக்காரர் பின் சீட்டில் இருந்தபடியே படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்கிப்போன கிரெடிட் காட். ஒரு லட்சம் வரை இழுக்கலாம். வந்த அன்றே அவன் மனைவி ஜெயராணி அதை அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டாள். “பசிச்சா மட்டும் தோண்டு” என்று உத்தரவு.

வியாழக்கிழமை அந்த வங்கியிலிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது. வெள்ளிக்கிழமைகளில் சுப்பர் மார்க்கட்டில் வாங்கும் சாமானுக்குப் பத்து வீதம் கேஷ்பேக். அதே மணித்தியாலத்தில் வெள்ளவத்தை ஜெகதீஸ்வரி அம்மாவும் கோல் எடுத்தார். அவனுடைய காரில் வழக்கமாகப் போகிற பழைய ஹயர். ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் ரூபிகாவுக்குப் பொன்னுருக்கு, கல்யாணத் தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கு. கனடாவிலிருந்து ஒரு பட்டாளம் வந்து இறங்குகிறது. சாமான் வாங்க வேண்டும், காரோடு வர முடியுமா என்று கேட்டார். புஷ்பராஜின் தலைக்குள் ஒரு பல்ப் எரிந்தது. கொஞ்சம் அதிக வோல்ட்டேஜில்.

“நீங்க ஏம்மா அந்தக் கூட்டத்துல இடிபடணும்? லிஸ்ட்டை அனுப்புங்க. நானே வாங்கிட்டு வந்துர்றேன். காசை வீட்டுல குடுங்க.”

“ஓம் தம்பி, நல்லதாப் போச்சு. காசு எடுத்து வைச்சிருக்கிறன்.”

புஷ்பராஜ் அரிசி டின்னைத் தோண்டினான். ஜெயராணி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“சாமான் அவங்களுது, காட் என்னுது. அவங்க குடுக்கிற காசு லீசிங்குக்கு. பத்து வீதம் நமக்கு. புரியுதா?”

“காட்காரனுக்கு?”

“அது அடுத்த மாசம்.”

“அடுத்த மாசம் யாரு சாமான வச்சுக் கட்டுவ?”

“கொழும்புல சாமான் வாங்காத ஆளு இருக்காடி?”

ஜெயராணி அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை என்று கண்டு மேலும் கவலைப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சுப்பர் மார்க்கட்டுக்குள் போனவன் நாலரைக்கு வெளியே வந்தான். சம்பா அரிசி இரண்டு மூட்டை, பருப்பு, சீனி, சவ்வரிசி, நெய், கஜு, அறுபது தேங்காய். பில் எண்பத்தாறாயிரத்து நானூறு. காட்டை மெஷினில் வைத்தான். மெஷின் ஒரு சத்தம் போட்டது, அவ்வளவுதான். சாமான் எல்லாம் அவனுடையது. பத்து வீதம் என்றால் எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. காலி வீதி நெரிசலில் அந்தத் தொகையை வைத்து இரண்டு டயரும் ஜெயராணிக்கு ஒரு சாரியும் வாங்கி முடித்தான்.

வெள்ளவத்தையில் அவர்கள் இருந்தது நாலாம் மாடி. லிஃப்ட் பழுது. நேரம் ஐந்து நாற்பது. பழைய முதுகுக்கு வேலை வந்தது. ஒரு மூட்டையை ஏற்றிவிட்டு இறங்கி, அடுத்ததையும் ஏற்றினான். வியர்வை கண்ணுக்குள் இறங்க, வாசலில் நின்று சொன்னான்:

“அம்மா, மிச்சத்தைக் கொண்டாறேன். அதுக்குள்ள காச எண்ணி வச்சிருங்க.”

ஜெகதீஸ்வரி அம்மா அப்போதுதான் குளித்து, திருநீறு பூசி, சாமி அறையிலிருந்து வந்தார். கையில் நெருப்புப் பெட்டி.

“இண்டைக்கோ? என்ன தம்பி விளையாடுறீரோ? வெள்ளிக்கிழமை, அதுவும் விளக்கு வைக்கிற நேரம். நாளைக்குக் காலமை வாரும்.”

புஷ்பராஜுக்குத் தூக்கிய மூட்டை திரும்பவும் தலையில் விழுந்தமாதிரி இருந்தது.

“அம்மா, ஆறு மணிக்குள்ள கட்டணும்மா. இல்லாட்டி காரைத் தூக்கிருவாங்க.”

“வீட்டிலை நல்ல காரியத்தை வைச்சுக்கொண்டு லட்சுமியை வெளியிலை அனுப்பச் சொல்லுறீரோ?”

“நீங்களும் வெள்ளிக்கிழமைதானே சாமான் வாங்கியிருக்கீங்க?”

“அது உம்மடை காட். என்ரை வீட்டாலை ஒண்டும் போகேல்லை. உள்ளுக்குத்தான் வந்தது. நல்லதுதானே?”

போன வெள்ளிக்கிழமை சீட்டுப் பிடிக்கிற நிஷாந்தினி காசு கேட்டு வந்தபோது, பனியனோடு வாசலில் நின்று, “வெள்ளிக்கிழமையில காசு வெளிய போகாது தங்கச்சி, எங்க வீட்டுல அப்படி ஒரு பழக்கம்” என்று பக்தியோடு சொன்னவன் அவன்தான். அன்றைக்கு அவனிடம் காசு இல்லை என்பது வேறு விஷயம். நாளும் கிழமையும் தெரிந்த மனிதன் பத்து வீதத்தைக் கண்டதும் எல்லாவற்றையும் மறந்துவிட்டான்.

கீழே இறங்கினான். காரின் பொனட்டில் சாய்ந்தபடி ஒரு தடித்த ஆள் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் தூக்கு லொறி.

“புஷ்பராஜா? நான் ஹியூபேட். உன்ட கொட்டாஞ்சேனைதான். மணி ஆறு அஞ்சு.”

“எப்படி அண்ணே இடத்தக் கண்டுபிடிச்சீங்க?”

“லீசிங் கார் மச்சான். உன்ட மனிசிக்குத் தெரியாட்டியும் ஜீபீஎஸ்ஸுக்குத் தெரியும். சாவியத் தா, சந்தோஷமாப் பிரிவம்.”

“உள்ள சாமான் இருக்கு அண்ணே. கல்யாண வீட்டுச் சாமான்.”

“எல்லாம் பேலியகொடை யார்ட்டுக்குப் போகும். திங்கக்கிழமை கடிதம் குடுத்து எடுக்கலாம்.” ஹியூபேட் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான். “கஜுவா அது?”

புஷ்பராஜ் அண்ணாந்து, புறக்கோட்டையில் லொறி டிரைவர்களைக் கூப்பிட்ட அதே தொண்டையைத் திறந்தான்.

“அம்மா! உங்க நெய், கஜு, தேங்காய் எல்லாத்தையும் பேலியகொடைக்குக் கொண்டுபோறாங்க! திங்கக்கிழமதான் தருவாங்களாம்!”

நாலு மாடியையும் அந்த அம்மா எப்படி இறங்கினார் என்று தெரியவில்லை. ஒரு கையில் பேர்ஸ், மறு கையில் இன்னும் அந்த நெருப்புப் பெட்டி. மேலே பால்கனியில் அவர் கணவர் நாகேந்திரம் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“ஞாயிறு பாயசத்துக்கு நான் என்னத்தைப் போடுறது? இறக்கு சாமானை!” என்றார் அம்மா.

“அம்மா, எண்பத்திரண்டாயிரம் இங்க வை. வந்த செலவு நாலாயிரம். நான் போயிடுவன். ரசீதும் தருவன்” என்றான் ஹியூபேட்.

ஜெகதீஸ்வரி அம்மா பேர்ஸைத் திறந்தார். மூடினார். திரும்பத் திறந்தார்.

“ஈஸ்வரி, குடுத்துத் துலையும்!” என்றார் மேலே இருந்தவர்.

“நீங்கள் உள்ளுக்குப் போங்கோ!” அம்மா புஷ்பராஜின் பக்கம் திரும்பினார். “தம்பி, ஒரு வழி இருக்கு. முதல் நீர் எனக்கு ஏதும் காசு தாரும். ஒரு ரூபா எண்டாலும் போதும். உள்ளுக்கு வந்தால், பிறகு வெளியிலை போனால் குற்றமில்லை.”

புஷ்பராஜ் மேல் பொக்கெட்டைத் தடவினான். கீழ்ப் பொக்கெட்டுகளைத் தடவினான். காரின் சாம்பல் கிண்ணத்தைக்கூட இழுத்துப் பார்த்தான். காலையில் இருந்த காசு எல்லாம் பெட்ரோலுக்குப் போயிருந்தது. கையில் வந்தது அந்தக் காட் ஒன்றுதான். எண்பத்தாறாயிரத்துக்குச் சாமான் வாங்கிய ஆளிடம் ஒரு ரூபா இல்லை.

அவன் காட்டை நீட்டினான்.

“உந்தக் காட்டை வைச்சு நான் என்ன செய்ய?”

ஹியூபேட் கடைசித் துண்டு ரோல்ஸை விழுங்கினான். கையைக் கழிசானில் துடைத்தான். பொக்கெட்டிலிருந்து நசுங்கிய இருபது ரூபா நோட்டு ஒன்றை எடுத்து, பல்லைப் பிடுங்கிக் கொடுப்பவனைப்போல நீட்டினான்.

“இருவது வருஷமா வாகனம் தூக்கிறன். தூக்க வந்த இடத்தில காசு குடுத்தது இதுதான் முதல். திருப்பித் தரவேணும், சரியா?”

இருபது ரூபா ஹியூபேட்டிடமிருந்து புஷ்பராஜுக்குப் போய், அவனிடமிருந்து அம்மாவுக்குப் போனது. அம்மா அதைக் கண்ணில் ஒற்றி, பேர்ஸின் தனி அறையில் வைத்தார். பிறகு எண்பத்தாறாயிரத்து நானூறை எண்ணிக் கொடுத்தார். அதில் எண்பத்தாறாயிரம் ஹியூபேட்டுக்கு. நானூறை மாற்றி, இருபதும் ஹியூபேட்டுக்கே. ரசீது கிழிந்தது. லொறி போனது.

கார் நின்றது. புஷ்பராஜ் அதன் கூரையைக் கையால் தடவினான். போன் சிணுங்கியது. வங்கிச் செய்தி. இன்றைய கொள்வனவுக்கான கேஷ்பேக் ஆயிரம் ரூபாய். மாதத்துக்கு உச்சத் தொகை அவ்வளவே. நாற்பத்தைந்து நாளில் காட் கணக்கில் வரவு வைக்கப்படும். அவன் இரண்டு தரம் வாசித்தான். டயர்களும் சாரியும் வந்த வழியே திரும்பிப் போயின.

ஜெயராணி கோல் எடுத்தாள். “கார் இருக்கா?”

“இருக்கு.”

“பத்து வீதம்?”

“ஆயிரம். அதுவும் காட்டுக்குள்ளயேதான் போடுவானாம்.”

“காட் பில்லு எப்ப கட்டணும்?”

“இருவத்தி நாலாந் திகதி.”

“என்ன கிழமை?”

அவன் போனில் கலண்டரைத் தட்டிப் பார்த்தான். “வெள்ளி.”

“அப்ப கவலைய விடு. எங்க வீட்டுல வெள்ளிக்கிழமை காசு வெளிய போகாதுன்னு பேங்க்ல சொல்லிரு” என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

மேலே போயிருந்த அம்மா பால்கனியிலிருந்து கத்தினார்: “தம்பி, தேங்காயைக் கொண்டு வாரும், இருட்டுப்படுது!”

புஷ்பராஜ் குனிந்து சாக்கின் வாயைப் பிடித்து, தோளில் ஏற்றினான்.