குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்

முப்பத்திரண்டு வருஷம் மருந்துக்கடையில் நின்றவளுக்குக் கை தானாகவே லேபிள் ஒட்டும். வீட்டில் உப்பு ஜாடிக்கு லேபிள், சர்க்கரை ஜாடிக்கு லேபிள், லேபிள் வைத்திருக்கும் டப்பாவுக்கும் ஒரு லேபிள். தெருவில் எல்லோருக்கும் அவள் மருந்தக்கா. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "வந்த மாப்பிள்ளையெல்லாம் எக்ஸ்பைரி தேதி முடிஞ்சவங்க" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிடும். அதை நிறுத்தத்தான் அந்த ஜோக்.

வருஷா வருஷம் தங்கச்சி பிறந்தநாளுக்கு முந்தின வாரம், கேக்கில் போடும் மசாலாப் பொடி செய்வாள். பட்டை எட்டுப் பங்கு, சுக்கு மூன்று, ஜாதிக்காய் இரண்டு, கிராம்பும் ஏலமும் ஒவ்வொன்று. மருந்துத் தராசில் நிறுத்து, வெறும் சட்டியில் கை பொறுக்கிற சூட்டில் புரட்டி, ஆறவைத்து அரைத்து, மெல்லிய துணியில் மூன்று தரம் சலிப்பாள். கீழே விழுவது முகப்பவுடர் மாதிரி இருக்கும். அது தங்கச்சிக்கு. துணியில் தங்குகிற கப்பி, நாரும் நொறுங்கலுமாக, அவளுக்கு.

கப்பி போட்ட கேக்கைத் தின்றால் பல்லிடுக்கில் பட்டைத் துணுக்கு மாட்டிக்கொள்ளும். பல்குத்தியும் கையுமாக உட்கார்ந்து, "அங்கே அவளுக்கு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கியிருக்கும்" என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பிலேயே பாதி கேக் தீர்ந்துபோகும்.

பாட்டிலில் லேபிள் ஒட்டுவதைக் கேட்கவே வேண்டாம். பொடியின் பெயர், செய்த தேதி, ஒரு கேக்குக்கு ஒரு ஸ்பூன், கடைசி வரியில் 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்.'

பார்சல் போய்ச் சேர்ந்த வாரம் தங்கச்சியின் போன் வந்துவிடும்.

"அக்கா, கேக்ல போட்டேன். தெருவே மணக்குது போ!"

"ஒரு ஸ்பூன்தானேடி போட்டே?"

"ஒரே ஒரு ஸ்பூன். நீ ரிட்டயர்டு ஆனதும் அங்க ஒண்டியா உக்காந்திருக்காதே. எங்ககூட வந்துடு. பின்னாடி ரூம் சும்மாதான் கிடக்கு."

ஒன்பது வருஷம். முதலில் கேக், அடுத்தது ரூம், இந்த வரிசை மாறியதே இல்லை. கேட்டுக் கேட்டு, பார்த்தேயிராத அந்த அறையில் கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்றுகூட மருந்தக்கா முடிவு செய்திருந்தாள்.

வேலை முடிந்தது. கடையில் ஒரு மாலையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். இனி நேரம் பார்த்து என்ன செய்வது என்று அதற்கு பேட்டரி போடவில்லை. வீட்டுக்காரரிடம் அடுத்த மாதம் காலி செய்வதாகச் சொல்லிவிட்டு, அந்த வருஷத்துப் பாட்டிலோடு பஸ் ஏறினாள். தங்கச்சியிடம் வருவதாக மட்டும் சொன்னாள். தங்குவதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவளே அவள்தானே.

கதவு திறந்தே இருந்தது.

"அக்காவா? வாக்கா, வா! அடுப்புல எண்ணெய் காயுது. செருப்பை வெளிய விடாதே, நனைஞ்சிடும். அலமாரில போடு!"

செருப்பு அலமாரியைத் திறக்கும்போதே மருந்தக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தங்கச்சி புருஷன் பஸ் டெப்போவில் மெக்கானிக். நாள் முழுக்கப் பூட்ஸ். ஆனால் உள்ளேயிருந்து வந்தது பட்டையும் கிராம்பும். தெரியாமல் சமையலறை அலமாரியைத் திறந்துவிட்டோமோ என்று ஒரு கணம் திகைத்தாள். ஒவ்வொரு பூட்ஸுக்குள்ளும் ஒரு பழைய சாக்ஸ், பொடியை அடைத்து வாயைக் கட்டி, கொழுக்கென்று உட்கார்ந்திருந்தது. கீழ்த்தட்டில் அவள் பாட்டில்கள், அவள் கையெழுத்தோடு. நான்கு காலி, ஒன்று அரைவாசி. மற்றவற்றின் மூடி திறக்கப்படவே இல்லை.

முதலில் அவளுக்குத் தோன்றியது மருந்துக்கடைக்காரியின் எண்ணம்தான்: இடம் குளிர்ச்சியாக இருக்கிறது, உலர்ந்தும் இருக்கிறது. லேபிளில் எழுதியபடியே வைத்திருக்கிறார்கள். இரண்டாவது எண்ணம் மெதுவாக வந்தது. ஒன்பது வருஷத்தில் ஒரு ஸ்பூன்கூட கேக்குக்குப் போகவில்லை. பிறகு தன் செருப்பையும் அந்த மணத்துக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

சாப்பாட்டில் தங்கச்சி புருஷன் வாய் நிறையச் சொன்னார்: "உங்க பொடி இல்லாம நான் டெப்போவுக்கே போக முடியாது அண்ணி."

மேஜைக்கடியில் ஒரு கால் இன்னொரு காலை உதைத்த சத்தம் கேட்டது.

"கேக் கட்டிக் குடுத்தாத்தான் கிளம்புவாரு, அதைச் சொல்றாரு" என்றாள் தங்கச்சி.

"நாளன்னைக்கு நானே கேக் போடறேன்டி. புதுசு இருக்கட்டும், பழைய பொடி மிச்சமிருக்கா?"

"அது எப்பவோ தீந்துச்சேக்கா! பாட்டிலை வழிச்சு வழிச்சுப் போட்டேன்."

மருந்தக்கா எழுந்துபோய் ஓவனைத் திறந்தாள். உள்ளே இரண்டு வாணலி, ஒரு தோசைக்கல், பிளாஸ்டிக் உறை பிரிக்காத விளக்கப் புத்தகம்.

"ரிப்பேர்க்கா" என்றது பின்னாலிருந்து தங்கச்சியின் சின்னக் குரல்.

அங்கேயே சண்டை போட்டிருக்கலாம். ஆனால் கலவையில் ஒரு சரக்கு கெட்டுப்போனால் மற்றதையும் தூக்கி எறிகிற வழக்கம் அவளிடம் இல்லை. தனித்தனியாக முகர்ந்து பார்ப்பாள். பொடியைப் பற்றிச் சொன்னது பொய். சரி, மனம் நோகக்கூடாதென்று சொல்லியிருப்பாள். அறையைப் பற்றிச் சொன்னது நிஜமாக இருக்கலாமே?

தங்கச்சி பாத்திரம் துடைக்கும்போது பக்கத்தில் போய் நின்றாள்.

"அடுத்த மாசம் வந்துடட்டுமாடி? பின்னாடி ரூமுக்கு."

தங்கச்சி ஒரே தட்டை மூன்று தரம் துடைத்தாள்.

"இது உன் வீடுக்கா. கேக்கணுமா? ஆனா அந்த ரூம்ல ஓதம். சுவரெல்லாம் பூத்துப்போச்சு. உனக்கு மூச்சு ஒத்துக்காது."

"எனக்கு மூச்சு நல்லாத்தானேடி இருக்கு?"

"இப்ப இருக்கு. அங்க படுத்தா கெட்டுப்போயிடும்."

மருந்தக்கா தலையாட்டினாள். அந்த வீட்டில் உலர்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான் போலிருக்கிறது. அதிலும் ஏற்கெனவே பூட்ஸ் இருந்தது.

பிறந்தநாளுக்குக் கடைக் கேக் வந்தது. மருந்தக்கா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "தெருவே மணக்குது போ" என்றாள். தங்கச்சி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கத்தியைக் கழுவப் போய்விட்டாள்.

"காலி பண்றதாச் சொன்னீங்களே?" என்றார் வீட்டுக்காரர், அவள் ஊர் திரும்பியதும்.

"அங்க ஓதமாம்" என்றாள்.

அடுத்த வருஷம் பொடி செய்வதில்லை என்று உறுதியாக இருந்தாள். அந்த வாரம் வந்ததும் கை தராசை எடுத்தது. மூன்றாம் தரம் சலித்து முடித்ததும், இரண்டு கிண்ணங்களையும் முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கப்பியைத் தங்கச்சி பாட்டிலில் போட்டுத் தட்டி நிரப்பினாள். பவுடர் தனக்கு.

வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பவுடர் போட்ட கேக்கைத் தின்றாள். நினைத்த மாதிரியே வெண்ணெயாக இறங்கியது. பல்லில் எதுவும் மாட்டவில்லை. நாக்கால் துழாவிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. பழக்கத்தில் எடுத்த பல்குத்தியைத் திரும்ப வைத்தாள். இரண்டாவது துண்டு வேண்டியிருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தங்கச்சி போன் செய்தாள்.

"அக்கா, இந்தத் தடவை பொடிய என்ன பண்ணினே? முன்னெல்லாம் பத்து நாள்ல மணம் போயிடும். இப்ப ரெண்டு மாசமாகியும் அப்படியே கும்முனு நிக்குது!"

"கேக்லயா?"

மறுமுனையில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"ம். கேக்லதான்."

மருந்தக்கா போனை இன்னும் நெருக்கிக் காதில் வைத்துக்கொண்டாள். பத்து வருஷத்தில் தங்கச்சி மனசாரச் சொன்ன முதல் பாராட்டு இது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. சந்தோஷப்படுவதா என்றுதான் தெரியவில்லை. கொஞ்சம் பட்டுவிட்டாள்.

"இன்னொரு பாட்டில் அனுப்புறியாக்கா? இதே மாதிரி?"

"அனுப்பறேன்டி."

ரூமைப் பற்றித் தங்கச்சி இந்த முறை எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் பட்டையைப் பெரிய பெரிய துணுக்காகவே இடித்தாள். சலிக்கவில்லை. பாட்டிலை மூடி, லேபிளில் பெயர் எழுதினாள், தேதி எழுதினாள். ஸ்பூன் கணக்கை விட்டுவிட்டாள். கடைசி வரிக்கு வந்ததும் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு, முப்பத்திரண்டு வருஷமாகச் சொறிக்களிம்புக்கும் மூட்டுவலித் தைலத்துக்கும் எழுதிய அதே பழகிய கையெழுத்தில் எழுதினாள்: 'வெளி உபயோகத்துக்கு மட்டும்.'