சுவரில் நின்ற லாரிக்காரர்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. தள்ளி உட்கார்ந்தால் என் குரல் எட்டாது. சந்தேகம் புகுந்த ஒரு வீட்டின் கதை சொல்கிறேன். பயப்படாதீர்கள், யாரும் சாகமாட்டார்கள். ஒருத்தியின் வயிறு மட்டும் கொஞ்சம் எரியும்.

எல்லையோரத்தில் ஓர் ஊர். ரோட்டின் குறுக்கே ஓர் இரும்புக் கேட். கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தேசம், அந்தப் பக்கம் வேறு தேசம். ஆனால் பேச்சு ஒன்று, பாட்டு ஒன்று, கோபம் வந்தால் திட்டுகிற வார்த்தைகூட ஒன்றுதான். அதனால் இரண்டு ஊர்ப் பெரிய மனிதர்களும் கூடி, கேட்டின் இருபுறமும் இருந்த நீளச் சுவர்களில் 'நாம் எல்லோரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்' என்று படம் எழுத ஏற்பாடு செய்தார்கள். நெய்கிறவர்கள், மரம் அறுக்கிறவர்கள், பாடுகிறவர்கள் என்று ஓர் ஊர்வலம். முகங்களுக்கு வீடு வீடாகப் போட்டோ வாங்கினார்கள். அந்தப் பக்கத்து ஓவியர் ஒருவர் தம் ஊர்ச் சுவரை முடித்துவிட்டு, அதே படத்தை இங்கேயும் எழுத இந்தப் பக்கம் வந்து சாரம் கட்டி ஏறினார்.

சுவருக்கு எதிரே ஒரு தையல்கடை. அதை நடத்துகிறவளுக்குத்தான் வயிறு எரிந்தது.

அவள் புருஷன் லாரிக்காரர். சரக்கு ஏற்றிக்கொண்டு வாரந்தோறும் கேட்டைத் தாண்டிப் போய்வருவார். அவள் அந்தப் பக்கம் கால் வைத்து வருஷக்கணக்காகிறது. அவளுடைய அக்கா அங்கே ஒருவனை நம்பிப் போனாள்; போகும்போது அம்மாவின் தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு போனாள். அம்மா அந்த ஏக்கத்திலேயே கண்ணை மூடினாள். அன்றைக்கு இவள் சொல்லிவிட்டாள், "அவ பேரு இந்த வீட்டுல கேட்டா, அப்புறம் நான் இந்த வீட்டுல இல்ல." லாரிக்காரர் தலையாட்டினார். அந்தப் பேச்சு அதோடு சரி.

ஒருநாள் காலையில் டீக்கடைக்காரி தம்ளரை மேஜையில் வைத்தபடியே ஆரம்பித்தாள்.

"என்னக்கா, உங்க வீட்டுக்காரரு சுவத்துல ஏறிட்டாரு, சொல்லவே இல்ல?"

"சுவரு ஏறுற வயசா அவருக்கு? லாரியில ஏறவே மூச்சு வாங்குது."

"படத்துலக்கா. நல்லா சிரிச்சுக்கிட்டு நிக்கிறாரு. அவருக்கு இத்தனை பல்லு இருக்குன்னே எனக்குத் தெரியாது."

தையல்காரி கழுத்தில் டேப்போடு ரோட்டைக் கடந்தாள். ஊர்வலத்தின் நடுவில் அவரேதான். அதே ஏறு நெற்றி, அதே தொங்கு மீசை. முன்னொரு நாள் சரக்குக் கயிறு அறுந்து அடித்துக் கிழிந்த காதுமடல்கூட அப்படியே.

அவருக்குப் பக்கத்தில் இருப்பவள் இன்னும் வெறும் புள்ளிகளாகத்தான் இருந்தாள். ஓவியர் முதலில் காகிதத்தில் வரைவார். கோட்டின் மேலேயே ஊசியால் துளை போடுவார். காகிதத்தைச் சுவரில் ஒட்டிக் கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் ஒற்றி எடுத்தால், சுவரில் கரும்புள்ளிகள் நிற்கும். அந்தப் புள்ளிகளில் ஒரு கொண்டை தெரிந்தது. ஒரு தோள் தெரிந்தது. லாரிக்காரரின் கையைப் பிடித்திருக்கும் ஒரு கை தெரிந்தது. கீழே ஒரு பெரிய வட்டம். அது குடமோ, கூடையோ, என்ன கண்றாவியோ.

"இது யாரு குடுத்த போட்டோ?"

"கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுலேர்ந்து வந்ததும்மா." ஓவியர் திரும்பாமலே சொன்னார். "பேரு சொல்லக் கூடாதுன்னு பேச்சு. சொன்னா, என் முகம் ஏன் சின்னதா இருக்குன்னு சண்டைக்கு வருவாங்க."

"கையப் பிடிச்சிருக்கிறவ?"

"அவங்களும் அதே போட்டோதான்."

அவள் மறுபடி காதைப் பார்த்தாள். சுவரில் கிழிந்திருந்தது வலது காது. அவருக்குக் கிழிந்தது இடது. அப்பாடா என்றிருந்தது. வேறு எவனோ.

அந்த நிம்மதி மத்தியானம்வரைகூடத் தாங்கவில்லை. ஒரு சட்டைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கைக்கும் ஒரே அளவுக் காகிதம்தானே? இடது கைக்கு ஒருமுறை வைத்து வெட்டினாள். வலது கைக்குக் காகிதத்தைத் திருப்பிப் போட்டாள். கத்தரி அப்படியே நின்றுவிட்டது.

அந்தப் பக்கத்து ஊர்வலம் கேட்டைப் பார்த்து இப்படி வருகிறது. இந்தப் பக்கத்து ஊர்வலம் கேட்டைப் பார்த்து அப்படிப் போகிறது. ஓவியரும் காகிதத்தைத் திருப்பித்தான் போட்டிருக்கிறார். அப்படியானால் சுவரில் இருக்கும் வலது காது, இடது காதுதான்.

லாரிக்காரர் சாப்பிட வந்தார். அவள் தட்டை வைத்தாள், கொஞ்சம் சத்தமாக.

"சுவத்துல உங்களப் பார்த்தேன்."

"என்னைய மாதிரி ஊருக்கு நாலு பேரு இருப்பான்."

"போன வாரம் உங்க சட்டைப்பை கிழிஞ்சிருந்துச்சே. யாரு தைச்சது? என் கை இல்ல அது."

சோறு பாதி வழியில் நின்றது. "அங்க யாரோ ஒரு டெய்லரு."

"வீட்ல டெய்லர வச்சுக்கிட்டு வெளியில டெய்லரு."

அவர் தட்டைப் பார்த்தே சாப்பிட்டு, தட்டைப் பார்த்தே எழுந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் கண்ணுகளா. அதுதான் அவளை இன்னும் எரித்தது.

மறுநாள் அவர் லாரிக்கு டயர் மாற்றப் போயிருந்த நேரம், அவள் ஒருநாள் அனுமதிச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு கேட்டில் நின்றாள்.

"எதுக்கும்மா போறீங்க?" என்றான் காவல்காரன்.

"படம் பாக்க."

"அதே படம் இங்கேயும் இருக்கே."

"இங்க திரும்பி இருக்கு. அங்கதான் நேரா இருக்கு."

பைத்தியம் என்று நினைத்தானோ என்னவோ, விட்டுவிட்டான்.

வழியெல்லாம் அவள் அந்தப் பெண்பிள்ளையை என்னென்ன கேட்பது என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனாள். சுவர் வந்தது. படத்தில் லாரிக்காரர் வந்தார், இடது காது கிழிந்திருந்தது. அவர் கையைப் பிடித்தபடி, முன்தலை நரைத்து, கழுத்தில் டேப் போட்ட ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

அக்கா.

அந்த வட்டம் குடமுமில்லை, கூடையுமில்லை. தையல் மெஷினின் பெரிய சக்கரம். பலகையின் மூலை உடைந்த, அம்மாவின் மெஷின்.

கோத்து வைத்த வார்த்தை ஒன்றுகூட அக்காவுக்கு அளவு சேரவில்லை. எவளோ ஒருத்தி என்றால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

சுவரடியில் பழம் விற்றவள் கேட்டாள், "அந்தம்மாவையா பாக்குறீங்க? அடுத்த தெருவுலதான் தைக்கிறாங்க. கூட்டிட்டு வரவா?"

"வேண்டாம்," என்றாள். சொல்லிவிட்டும் வெகுநேரம் நின்றாள்.

வீட்டில் லாரிக்காரர் வாசலிலேயே காத்திருந்தார். டீக்கடைக்காரி சும்மா இருப்பாளா?

"எத்தனை நாளா நடக்குது?"

"லாரி அங்க ஒருதரம் பஞ்சராகி நின்னுச்சு. அவ வீட்டு வாசல்ல. ஒத்தையில இருக்கா. அவனும் போய்ச் சேர்ந்துட்டான். போகும்போது அரிசி, விறகு ஏதாச்சும் இறக்கிட்டு வருவேன்."

"கையப் பிடிச்சுப் போட்டோ எடுத்தீங்களே, அது எந்த விறகு?"

"படத்துக்குக் குடும்பப் போட்டோ கேட்டாங்க. அவகிட்ட ஒண்ணும் இல்ல. தங்கச்சி வருவாளான்னு கேட்டா. நீ வரமாட்ட. அதான் உன் எடத்துல நான் போய் நின்னேன்."

அவள் உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்தாள். துணியில்லாமலே கொஞ்சநேரம் ஓட்டினாள்.

"அந்த மெஷின் இன்னும் ஓடுதா?"

"ஓடுது. பெல்ட்டுதான் வழுக்குது. நூலச் சுத்தி ஓட்டிக்கிட்டிருக்கா."

இழுப்பறையைத் திறந்தாள். புதுத் தோல் பெல்ட் ஒன்றை எடுத்துச் சுருட்டி, அவர் சட்டைப்பையில், அக்கா போட்ட அந்த வேற்றுத் தையலுக்குப் பின்னால், தன் கையாலேயே செருகினாள்.

"நான் குடுத்தேன்னு சொல்ல வேண்டாம்."

"யாரு குடுத்ததுன்னு கேட்டா?"

"கேக்க மாட்டா."

அவ்வளவுதான் கண்ணுகளா. இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டுப் படங்களில் ஒரு முகமும் குறையாமல் இருக்கட்டும். யாருடைய இடத்திலும் வேறொருவர் போய் நிற்க வேண்டிய நாள் உங்கள் வாசலுக்கு வராமலே போகட்டும்.