தோணிக்கு அடியில்

ஜீவமணியின் காதுக்குக் கீழே கன்றிப்போயிருந்ததைச் செந்தூர்பாண்டி பார்த்தார்.

“பந்து பட்டுட்டு அண்ணாச்சி” என்றான் பையன்.

அது பந்து பட்ட காயமல்ல, விரல் தடம் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும், “பார்த்து ஆடுலே” என்று மட்டும் சொல்லிவிட்டு விசிலை ஊதினார்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. செந்தூர்பாண்டி பகலில் தூத்துக்குடித் துறைமுகத்தில் குமாஸ்தா. மாலையில் உப்பளத்தை ஒட்டிய பொட்டலில் கிளப் பையன்களுக்குக் கால்பந்து பழக்குவார். ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம். கேப்டன் வெள்ளத்துரை இல்லாமல் அந்த அணிக்குக் கோல் கிடையாது. அதனால் சில விஷயங்களை அவர் கேட்பதில்லை. போன வருஷம் மாப்பிள்ளையூரணிப் பையன் மந்திரமூர்த்தி காய்ச்சலென்று நின்றவன், திரும்பி வரவேயில்லை. அவரும் போய்ப் பார்க்கவில்லை.

ஜீவமணி ஏரலிலிருந்து வந்து, மாமா கடையில் தங்கிப் படித்தவன். வெள்ளத்துரையின் கூட்டாளியை உட்கார வைத்துவிட்டுச் செந்தூர்பாண்டி இவனைக் கோல்கீப்பராக நிறுத்தியதிலிருந்து ஒருவரும் இவனோடு பேசுவதில்லை. அவன் சட்டை உப்புப் பாத்தியில் கிடக்கும். பந்து அவன் முகத்தைக் குறிவைத்தே வரும்.

வெள்ளிக்கிழமை மட்டும் எல்லாம் மாறியிருந்தது. யாரும் அவனைச் சீண்டவில்லை. வெள்ளத்துரை அவன் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தான். செந்தூர்பாண்டிக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பயிற்சி முடிந்ததும் பையன்கள் ஜீவமணியை நடுவில் விட்டுக் கடற்கரைப் பக்கம் கூட்டமாக நடந்தார்கள். நயினார் மட்டும் போகாமல் நின்றான்.

“நீ போகலையாலே?”

அவன் தலையை நிமிர்த்தவில்லை. “அவனுக்குத் தண்ணி காட்டக் கூட்டிட்டுப் போறாங்க அண்ணாச்சி.”

“அப்படின்னா?”

“தோணிக்கு அடியில முங்கி அந்தப் பக்கம் எந்திரிக்கணும். மாட்டேன்னா அமுக்குவாங்க. எனக்கும் காட்டினாங்க. மந்திரமூர்த்திக்கும்.”

“ஏம்லே எங்கிட்ட சொல்லல?”

“உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சோம்.”

செந்தூர்பாண்டி ஓடினார்.

பழைய படகுத்துறையில் பையன்கள் வரிசையாக நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரக்கு இறக்கிய தோணியொன்று கயிற்றில் லேசாக அசைந்தது.

“இந்தா வந்துருவான் அண்ணாச்சி. சும்மா விளையாட்டு” என்றான் வெள்ளத்துரை. அவன் உதடு வெளுத்திருந்தது.

தண்ணீரில் குமிழிகூட எழும்பவில்லை. செந்தூர்பாண்டி வேட்டியோடு குதித்தார். அடிப்பலகையில் ஒட்டியிருந்த சிப்பிகள் கையைக் கிழித்தன. இருட்டில் துழாவியபோது, சுக்கான் இரும்பில் மாட்டிய சட்டை ஒன்று கையில் பட்டது. அதைக் கிழித்துப் பையனை மேலே இழுத்தார். பின்னாலேயே ஓடிவந்திருந்த நயினாரும் இறங்கி ஒரு பக்கம் பிடித்துக் கரையேற்றினான். குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஜீவமணி தண்ணீரைக் கக்கி இருமினான்.

“நாளைலேர்ந்து நீ வரவேண்டாம்” என்றார் செந்தூர்பாண்டி, வெள்ளத்துரையைப் பார்த்து.

“ஞாயித்துக்கெழம ஆட்டம் அண்ணாச்சி!”

“நீ இல்லாமத்தான்.”

மறுநாள் அவர் மாப்பிள்ளையூரணிக்குப் போனார். அவரைக் கண்டதும் மந்திரமூர்த்தி வீட்டுக்குள் போய்விட்டான். அவன் அம்மா செல்லத்தாய் வாசலை மறித்து நின்றாள். “கிணத்துல தண்ணி எறைக்கக்கூட எம்புள்ள பயப்படுதான். இப்பமாவது வந்தியளே.”



ஞாயிற்றுக்கிழமை படுதோல்வி. அதன்பின் செந்தூர்பாண்டி தினமும் முதல் ஆளாகப் பொட்டலுக்கு வந்தார். புதுப் பையன்களைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். கடைசிப் பையன் வீட்டுக்குப் போகும்வரை நகரவில்லை. ஜீவமணி வந்தான். ஆனால் யாராவது பின்னாலிருந்து தொட்டால் துள்ளி விலகினான்.

வெள்ளத்துரையை ஊரின் மறுகோடியிலிருந்த கிளப் சேர்த்துக்கொண்டது, கேப்டனாகவும் ஆக்கியது. செந்தூர்பாண்டி அவர்கள் மைதானத்துக்கே போய், அந்தக் கிளப் செக்ரட்டரியிடம் நடந்ததைச் சொன்னார்.

செக்ரட்டரி சிரித்தார். “பையங்க வெளையாட்டை நீங்க பெருசாக்குதீய. என்னமா கோல் அடிக்கான் பாத்தீயளா!”

மைதானத்தில் ஆட்டம் முடிந்திருந்தது. வெள்ளத்துரை ஒரு சின்னப் பையனின் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் அவர்களைச் சுற்றிக் கூடினார்கள்.

செந்தூர்பாண்டி மணலில் புதைந்து நடையைத் தடுத்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவர்களை நோக்கி வேகமாக நடந்தார்.