213-க்கு அடுத்த அறை

'டமார்!'

இரண்டாவது மாடிக்கு ஒரு முழம் கீழேயே லிப்ட் நின்றுவிட்டது.

"ஒன்றரை நாள் ரயில்ல எலும்பெல்லாம் கழண்டது போதாதுன்னு இது வேற! ஏணி ஒண்ணு கேட்டு வாங்கியிருக்கலாம்" என்றார் டீச்சரின் கணவர், பெட்டியை மேலே தள்ளிவிட்டுத் தானும் தொற்றி ஏறியபடி.

டீச்சர் சிரிக்கவில்லை. அவள் கண் கதவுகள் மேலேயே இருந்தது. 212, 213, 213ஏ, 215. இருநூற்றுப் பதினாலு என்று ஓர் அறையே இல்லை. ஆனால் 213ஏ என்ற புதுத் தகட்டுக்குக் கீழே, பழைய நாலின் வால் மட்டும் கதவில் அழியாமல் நின்றது.

"இதுதாங்க" என்றாள்.

போன வருஷம் இங்கேதான் அவள் தம்பி இறந்து கிடந்தான். மருந்துக் கம்பெனி வேலை, மாதத்தில் இருபது நாள் ஹோட்டல் வாசம். தூக்கத்திலேயே போய்விட்டான், ஒன்றும் தெரிந்திருக்காது என்றார்கள். அம்மா மட்டும் நம்பவில்லை. சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்காரும்போதெல்லாம் ஒரே கேள்வி: "பிள்ளை துடிச்சானாடி?" நேரில் விசாரித்து, இல்லை என்று சொல்லி அவள் வயிற்றில் பால் வார்க்கத்தான் இத்தனை தூரம். அதனால்தான் ரிசப்ஷன்காரர் வேறு அறையைத் தலையில் கட்டப் பார்த்தபோதும், "213க்கு அடுத்த ரூம்தான் வேணும்" என்று டீச்சர் ஒற்றைக் காலில் நின்றாள். தான் யார் என்று மட்டும் சொல்லவில்லை.

அறை முகத்தைச் சுளிக்க வைத்தது. திரையை விலக்கினால் ஜன்னலுக்குப் பதில் சுவர். குழாய் இருமியதே தவிர தண்ணீர் வரவில்லை. மெத்தையில் ஒரு பக்கம் மட்டும் பள்ளம், இப்போதுதான் யாரோ எழுந்து போனது மாதிரி. டீச்சர் அதைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டாள்.

கணவர் அறை போனில் ரிசப்ஷனை அழைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. பத்துத் தடவை முயன்றும் யாரும் எடுக்கவில்லை.

"பட்டப்பகல்லயே குறட்டையா? வா, நேர்ல போய் எழுப்புவோம்."

அறையைப் பூட்டிக்கொண்டு படியிறங்கினார்கள். ரிசப்ஷன்காரர் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஏன் சார், காதுல பஞ்சா வெச்சிருக்கீங்க?"

அவர் வாய் திறப்பதற்குள் போன் அடித்தது. அறை எண்கள் வரிசையாக இருந்த போன் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. 213ஏ.

சாவி கணவரின் கையில் இருந்தது.

"ரூம்ல யாருங்க?" என்றார். நக்கல் எல்லாம் எங்கேயோ போயிருந்தது.

ரிசப்ஷன்காரர் விளக்கைப் பார்க்கவே இல்லை. "அந்த ரூம் போனை நான் எடுக்கறதில்லீங்க. எடுத்தாலும் யாரும் பேசமாட்டாங்க."

டீச்சரே எட்டி ரிசீவரை எடுத்தாள். பேச்சில்லை. யாரோ மூச்சை இழுத்து இழுத்துப் பிடிக்கும் சத்தம் மட்டும். பிறகு அதுவும் நின்றது.

"போன வருஷம் அங்க இறந்தது என் தம்பி" என்றாள். "தூக்கத்துலதானே போனான்? சொல்லுங்க. எங்கம்மாவுக்கு நான் பதில் சொல்லணும்."

ரிசப்ஷன்காரர் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"சும்மா டவல் கேக்கத்தான் கூப்பிடறாருன்னு நெனச்சு, அன்னைக்கு எடுக்காம விட்டேம்மா... அதுலேர்ந்து அடிச்சுக்கிட்டேதான் இருக்கு."